வாழ்த்தும் முற்பணமும்: மலையகக் கடைத்தெருவின் பண்டிகை விளம்பரங்கள் பற்றிச் சில சிந்தனைகள்

பழைய பத்திரிகைகளைப் புரட்டும் ஆய்வாளர் ஆசிரியத் தலையங்கத்தைக் குறித்துக்கொள்கிறார்; சிறுகதையை, கவிதையை, கண்டனக் கடிதத்தைப் பிரதி செய்துகொள்கிறார். இவற்றைச் சூழ்ந்துள்ள விளம்பரங்களை அவருடைய கண் தாண்டிச் சென்றுவிடுகிறது. ஆயினும் பத்திரிகை என்னும் நிறுவனத்தைத் தாங்கி நின்ற பொருளாதார அடித்தளம் விளம்பரமே என்பது நாம் அறிந்ததே. அடித்தளத்தை விடுத்து மேற்கட்டுமானத்தை மாத்திரம் ஆராய்வது ஒருவகையில் பாதி ஆய்வாகவே முடியும். இக்கட்டுரையில் விளம்பரத்தின் ஒரு சிறு கூறினை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய மத்திய மலைநாட்டு நகரங்களின் வர்த்தகர்கள் எப்பண்டிகைக்கு வாழ்த்துத் தெரிவித்தனர், எதற்குத் தெரிவிக்கவில்லை, யாரை விளித்து வாழ்த்தினர் என்பதே எமது வினா.

வினா அற்பமானதாகத் தோன்றலாம். கடைக்காரர் வாழ்த்துவது மரியாதை. அதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்போரும் உளர். ஆனால் வாழ்த்து என்பது தமிழில் நீண்ட சமூக வரலாறு உடைய ஒரு செயல். பாடாண் திணைச் செய்யுட்களில் வாழ்த்து கீழிருந்து மேல் நோக்கிச் செல்கிறது: புலவன் வாழ்த்துகிறான், புரவலன் கொடுக்கிறான். தோட்டத்திலும் அவ்வாறே. பண்டிகை நாளன்று தப்பு முழங்கத் துரையின் பங்களாவுக்குச் சென்று மாலையிட்டுச் சலாம் சொல்லும் வழக்கம் அம்மரபின் சிதைந்த தொடர்ச்சி. வர்த்தக விளம்பரத்தில்தான் இத்திசை தலைகீழாகிறது. கொடுப்பவன்போல் தோன்றும் கடைக்காரன் வாங்குபவனை வாழ்த்துகிறான். காசு கையிலுள்ளவனே அங்கு புரவலன். எனவே ஒரு சமூகப் பிரிவினர் எப்பொழுது விளம்பரத்தில் வாழ்த்தப்படத் தொடங்குகின்றனர் என்பது, அவர்கள் கையில் எப்பொழுது, எவ்வழியாகக் காசு வரத் தொடங்கிற்று என்பதோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளது.

மலைநாட்டில் அச்சேறிய முதற் பண்டிகை வாழ்த்துக்கள் ஆங்கிலத்தில், நத்தாருக்காக எழுந்தவை. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் போன்ற கொழும்பு, கண்டி வர்த்தக நிலையங்கள் தோட்டத் துரைமாருக்கு மதுவும் பாற்கட்டியும் கம்பளித் துணியும் வழங்கிவந்தன. 'ரைம்ஸ் ஒவ் சிலோன்' பத்திரிகையின் நத்தார் மலர் இவ்வர்க்கத்தினரின் இல்லங்களுக்கென்றே வெளிவந்த ஒன்று. லயங்களிலும் கிறிஸ்தவர் இருந்தனர். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இருந்தனர். ஆயின் அந்நத்தார் வாழ்த்து அவர்களை நோக்கியதன்று. அது சமயத்தை விளித்தது என்று சொல்வதைவிடப் பங்களாவை விளித்தது என்பதே பொருந்தும்.

லயத்தை எவரும் வாழ்த்தாதது ஏன்? அங்கு சந்தை இருக்கவில்லை. கோப்பிக் காலத்திலும் அதன் பின் தேயிலைக் காலத்திலும் தொழிலாளி தன் ஊதியத்தைக் காசாகக் கையில் எடுத்து விரும்பிய கடைக்குச் செல்லும் நிலையில் இருந்ததில்லை. அரிசி தோட்டத்தால் அளக்கப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கம்பளியும் அவ்வாறே கொடுக்கப்பட்டுப் பற்றெழுதப்பட்டது. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து ஆளைக் கூட்டிவந்த வழிச்செலவு கங்காணியின் கணக்கில் கடனாக நின்றது. தேங்காயும் கருவாடும் மிளகாயும் விற்ற கடையும் பெரும்பாலும் கங்காணியின் கடையே. ஒரு தோட்டத்தைவிட்டு மறுதோட்டத்துக்குப் போவதாயின் கடன்தொகையைக் குறித்த 'துண்டு' வேண்டும். 1921ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும்வரை, தொழிலாளியின் பெயர் அச்சிலோ எழுத்திலோ ஏறுவதாயின் கடனாளியாகவே ஏறிற்று. கடனாளியைக் கடைக்காரன் வாழ்த்துவதில்லை, அவனுக்கு நினைவூட்டுவான்.

இம்மூடிய உலகினுள் ஓரளவு தடையின்றி நுழைந்தவன் துணி மூட்டையைத் தோளிற் சுமந்த பொட்டணி வியாபாரி. வெளியார் தோட்டத்துள் கால்வைப்பது அத்துமீறலாகக் கருதப்பட்ட காலத்தில் அவனுக்கு மட்டும் வழி விடப்பட்டது. கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் காண்பதற்குத் துணி வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுள் சென்றார் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் தரும் செய்தி. இதனை வீரச்செயலாக வியந்து சொல்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். எமக்கோ அது ஒரு பொருளாதார உண்மையையும் புலப்படுத்துகிறது: முதலாளித்துவத் தோட்டம் அரசியலுக்கு அடைத்த கதவைப் பண்டத்துக்குச் சிறிது திறந்து வைத்திருந்தது. மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடி அத்திறப்பின் வழியே நுழைந்தார்.

பிரசாரத்துக்கு அச்சினைப் பயன்படுத்தியவரும் அவரே. அவருடைய 'தேசபக்தன்' 1924இல் தொடங்கிற்று. 1930 ஆகஸ்டில் 'வீரகேசரி'யும் 1932 மார்ச்சில் 'தினகர'னும் வெளிவந்தபொழுது தமிழில் நாளிதழ் விளம்பரத்துக்கு நிலையான களம் அமைந்தது. இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் கூலி வரையறுக்கப்பட்டது. மலைநாட்டின் உயர்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். பொருளாதார மந்தத்தின்போது இவையும் குறைக்கப்பட்டன என்பது வேறு. ஆயினும் சட்டத்தால் நிச்சயிக்கப்பட்ட கூலியும், துண்டிலிருந்து விடுபட்ட நடமாட்டமும், 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய புகையிரதப் பாதையும் சேர்ந்து சம்பள நாளில் கடைத்தெருவுக்கு வரும் ஒரு கூட்டத்தை உருவாக்கின. தமிழ்நாட்டவரும் யாழ்ப்பாணத்தவரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நடத்திய அக்கடைகள் அக்கூட்டத்தை நம்பியே வளர்ந்தன.

ஆனால் மாதச் சம்பளம் புடவை வாங்கப் போதாது. அரிசி, மா, கோயில் வரி, சங்கச் சந்தா, கடைக் கொப்பியில் நிற்கும் பாக்கி ஆகியவை போக எஞ்சுவது கொஞ்சம். இவ்விடத்தில்தான் தீபாவளி முற்பணம் வரலாற்றுக்குள் நுழைகிறது. பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்னதாகத் தோட்ட நிருவாகம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் மாதத் தவணைகளாகச் சம்பளத்திற் கழித்துக்கொள்ளும். லயத்து வழக்கில் அது 'தீவாளிக் காசு'. ஆண்டுதோறும் தொகை எவ்வளவு, எந்நாளில் கொடுக்கப்படும் என்பது தொழிற்சங்கங்களுக்கும் நிருவாகத்துக்கும் இடையில் இழுபறிக்குரிய விடயம். பெயரைக் கூர்ந்து நோக்குக: அது போனசு அன்று, நன்கொடை அன்று. தொழிலாளி இனிமேற் செய்யப்போகும் வேலைக்குரிய தன் கூலியையே முன்கூட்டிப் பெறுகிறான். கம்பளிக் கடனும் கங்காணிக் கடனும் சட்டத்தால் மறைந்த பின்னர், கடன் பண்டிகையின் பெயரைச் சூடிக்கொண்டு மீண்டது எனலாம். இக்கடனுக்கு வட்டி இல்லை என்பதும், தொழிலாளரே இதனை உரிமையாகக் கோருகின்றனர் என்பதும் உண்மை; வேறு வழியில் ஒரே வேளையில் அத்தொகை கைக்கு வராத கூலியமைப்பில் அக்கோரிக்கை நியாயமானதே. எமது குற்றச்சாட்டு அக்கூலியமைப்பின் மீது.

கடைத்தெருவின் வாழ்த்தினை இம்முற்பணத்திலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள இயலாது. மலைநாட்டில் தீபாவளியே விளம்பரத்தின் பெருநாள் ஆனமைக்குச் சமயக் காரணம் கூறுவோர் பலர். சமயமே காரணமாயின், லயத்து மக்களின் சமயவாழ்வில் தீபாவளியிலும் ஆழமாக வேரூன்றிய வேறு விழாக்கள் விளம்பரத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். மாசியிற் கம்பம் நட்டுப் பல நாள் நிகழும் காமன்கூத்து மலையகத்தின் தனித்துவமான கலை நிகழ்வு. தோட்டம் முழுவதும் பங்குகொள்வது. எந்தத் துணிக்கடை காமன்கூத்துக்கு வாழ்த்து வெளியிட்டது? மாரியம்மன் திருவிழா தோட்டத்தின் ஆண்டு நாட்காட்டியில் தலையாயது. வர்த்தகர் அதற்குச் செய்வது உபயம். திருவிழாத் துண்டுப்பிரசுரத்தின் அடியில் அவர் பெயர் நன்கொடையாளராகக் காணப்படும். அங்கே அவர் அம்மனை நோக்கிப் பணிகிறார், வாடிக்கையாளரை வாழ்த்துவதில்லை. மே தினத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. தொழிலாளரின் பெயரில் அமைந்த ஒரேயொரு விடுமுறை நாளுக்கு அவர்களது காசால் வாழும் கடைத்தெரு மௌனமாயிருக்கிறது. இவ்விழாக்களுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்றே: அவற்றுக்கு முற்பணம் இல்லை.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்துள்ளது. தென்னகத்துத் திராவிட இயக்கம் தீபாவளியைத் திராவிடனின் வீழ்ச்சியைக் கொண்டாடும் ஆரியப் பண்டிகை என நிராகரித்துப் பொங்கலைத் தமிழர் திருநாளாக உயர்த்திற்று. மலையகத்திலும் அதன் செல்வாக்கு சிறிதன்று. இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்ட இளைஞரிடையே வாசிப்பையும் பகுத்தறிவுச் சிந்தனையையும் வளர்த்தது. 1962இல் அரசு அதனைத் தடைசெய்யும் அளவுக்கு அது வேரோடியிருந்தது. சீர்திருத்த மேடைகளிற் பொங்கல் வாழ்த்து முழங்கிற்று, அச்செழுத்திலும் வந்தது. ஆனால் கடைத்தெரு அசையவில்லை. தைப்பொங்கலுக்கு அரிசியும் சர்க்கரையும் மண்பானையும் விற்கலாம். புடவையும் சட்டையும் நகையும் தீபாவளிக்குத்தான் விற்கும். கருத்தியற் போராட்டம் ஒரு பண்டிகையை மனத்திலிருந்து அகற்ற முனைந்த வேளையில், கூலி கொடுக்கும் முறை அதனை ஆண்டுதோறும் மீள நிலைநாட்டிற்று. இன்னுமொன்று: பொங்கலை உழவர் திருநாள் என்கிறோம். ஒரு காணித் துண்டும் தமக்கென இல்லாது, பறித்த கொழுந்தைப் பிறர் தராசில் நிறுத்துவிட்டு வரும் மக்களுக்கு அறுவடை விழாவின் பொருள் என்ன? பண்பாட்டுச் சீர்திருத்தவாதிகள் இவ்வினாவை எதிர்கொள்ளவில்லை என்பது எமது கணிப்பு.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தோடு இவ்வாழ்த்து வேறொரு பரிமாணத்தைப் பெறுகிறது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வழியாக ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பிலிருந்து பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளும் எண்ணிக்கையாக்கிற்று. நாடற்றோர் பிரச்சினை சட்டரீதியாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த அரைநூற்றாண்டில் அரசு அவர்களைப் பிரசை என விளிக்கவில்லை. வேட்பாளருக்கு அவர்களது வாக்குத் தேவைப்படவில்லை. கடைக்காரருக்கோ அவர்களது காசு தேவைப்பட்டது. 'எமது வாடிக்கையாளர்கள், நண்பர்கள், ஆதரவாளர்கள் அனைவருக்கும்' என்று தொடங்கும் அந்தத் தேய்ந்த வாய்பாடே, இந்நாட்டில் அம்மக்களை மரியாதையோடு பன்மையில் விளித்த ஒருசில பொது வாசகங்களுள் ஒன்று எனின் அது மிகையன்று. இதிற் கடைக்காரரின் பெருந்தன்மையைத் தேட வேண்டியதில்லை. பண்டம் எவர் கையிற் காசு உண்டென்று மட்டுமே பார்க்கும். அக்குருட்டுத்தன்மையில் ஒரு சமத்துவம் உண்டு என மார்க்ஸ் காட்டியதை நாம் நினைவுகூரலாம். அச்சமத்துவம் கடை வாசற்படியோடு முடிகிறது என்பதையும் அவரே காட்டினார். அவ்வாய்பாட்டில் 'தொழிலாளர்' என்ற சொல் இல்லாமை தற்செயலன்று.

மொழி பற்றியும் சில சொல்லவேண்டும். 1956இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாயிற்று. 1958இல் 'ஸ்ரீ' எழுத்துக் கிளர்ச்சியின் எதிரொலியாகத் தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் கடைப் பெயர்ப்பலகைகளின் தமிழெழுத்துக்கள் தார் பூசி அழிக்கப்பட்டன. அதே கிளர்ச்சியின்போது பொகவந்தலாவையிற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இரு தோட்டத் தொழிலாளர் மாண்டனர். 1983 யூலையில் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழ்க் கடைகள் எரிக்கப்பட்டன. இப்பின்னணியில் ஒரு வர்த்தகர் தன் கடை முகப்பில் எம்மொழியில், எப்பண்டிகைக்கு வாழ்த்துத் துணி கட்டுவது என்பது வெறும் விற்பனை உத்தி அன்று. உயிரும் உடைமையும் சார்ந்த கணக்கு. பத்திரிகைப் பக்கம் தமிழ் வாசகர் கைக்கு மட்டுமே செல்வது. கடை முகப்போ தெருவில் நிற்பது. ஆகவே பத்திரிகையிற் கண்ட வாழ்த்துக்களை மட்டும் கொண்டு கடைத்தெருவின் துணிவை அளவிட முயல்வது தவறாகும்.

ஏப்ரல் மாதத்து வாழ்த்து இதற்கு நேர்மாறான போக்குடையது. 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் இத்தினத்துக்குச் சிங்கள–தமிழ்ப் புத்தாண்டு எனப் பெயரிடுகிறது. இருமொழி மக்களை ஒரே கயிற்றில் தொடுக்கும் இப்பெயர் அரசுக்கும் பெருவர்த்தகத்துக்கும் மிகவும் வாய்ப்பானது. ஒரே விளம்பரத்தை இரு மொழியில் அச்சிட்டால் நாடு முழுவதும் செல்லும். ஆனால் நுவரெலியாவில் ஏப்ரல் என்பது கொழும்பிலிருந்து குளிர் தேடி வருவோரின் பருவம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் மோட்டார் ஓட்டமும் நிகழும். நகரத்துக் கடைகளின் வாழ்த்து அவ்விருந்தினரையே முகம் நோக்குகிறது. மாவட்டத்தின் சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர் என்பதை 2012 குடிசனக் கணக்கெடுப்பு காட்டிய பின்னும், ஏப்ரல் வாழ்த்தின் தமிழ்ப்பகுதி பல இடங்களிற் பிழை மலிந்த மொழிபெயர்ப்பாகவே தொங்குகிறது. 'வாழ்த்துக்கள்' என்பதா 'வாழ்த்துகள்' என்பதா என இலக்கணம் அறிந்தோர் வாதிடுகின்றனர். அவ்வாதத்துக்குரிய சொல்லே உருக்குலைந்து நிற்கும் பலகைகளை அவர்கள் நானுஓயாவிலிருந்து நுவரெலியா செல்லும் வழியிற் காணலாம்.

பண்டிகை வாழ்த்தின் சொற்றெரிவு அரசியலாகும் நிலை எமக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 2005இல் வோல்மாட் முதலிய பெருவணிக நிலையங்கள் 'நத்தார்' என்ற சொல்லைத் தவிர்த்து 'விடுமுறைக் கால வாழ்த்து' என்று சொல்வதைக் கண்டித்துக் கிறிஸ்தவ அமைப்புகள் புறக்கணிப்பு மிரட்டல் விடுத்தன; அடுத்த ஆண்டே அந்நிறுவனம் நத்தார் வாழ்த்துக்குத் திரும்பிற்று. அங்கு வழக்கு பெரும்பான்மையினரின் சமயப் பெயர் சொல்லப்பட வேண்டுமா என்பது. எமது கடைத்தெருவில் அவ்வழக்கு எழுந்ததில்லை. முஸ்லிம் துணிக்கடையும் சிங்களப் பலசரக்குக் கடையும் தயக்கமின்றித் தீபாவளி வாழ்த்துச் சொல்லிவந்துள்ளன. இதனைச் சமய நல்லிணக்கம் என மேடையிற் புகழ்வது எளிது. முற்பணம் கைமாறும் வாரத்தில் எல்லாக் கடையும் ஒரே சமயத்தைச் சேர்ந்தவை என்று கூறுவது உண்மைக்கு அணித்தானது.

அந்தக் காசைச் சம்பாதித்தவர் யார் என்பதை விளம்பரம் மறைக்கும் விதத்தையும் நோக்க வேண்டும். தீபாவளி விளம்பரத்தின் சித்திரத்திற் பெரும்பாலும் சேலை கட்டிய பெண்ணே நிற்கிறாள். பெறுபவளாக, அலங்கரிக்கப்பட்டவளாக நிற்கிறாள். தேயிலையிற் கொழுந்தெடுக்கும் உழைப்பு பெண்ணுடையது. 1984 வரை சட்டத்தின்படியே ஆணைவிடக் குறைந்த கூலி பெற்றவளும் அவளே. மனைவியின் சம்பளத்தைக் கணவன் சென்று வாங்கும் நெடுங்கால வழக்கத்தைக் குமாரி ஜயவர்த்தனவும் ரேச்சல் குரியனும் 2015இல் வெளியிட்ட பெருந்தோட்ட ஆய்வு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். தன் கூலியை முன்கூட்டிக் கடனாக வாங்கி, அதை எண்ணிப்பார்க்கும் உரிமையும் இன்றி, அதில் வாங்கிய சேலையைப் பரிசாகப் பெறுபவளாக அவள் சித்திரிக்கப்படுகிறாள். வாழ்த்து யாரை நோக்கியது என்ற எமது வினாவுக்குச் சித்திரம் தரும் விடை இது.

1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது கடைத்தெருவின் குரல் தாழ்ந்திருந்தது. 1973–74இன் உணவுப் பஞ்சத்தில் தோட்டத்துறையின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது; புத்தாடை பற்றிப் பேசும் காலமன்று அது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு துணியும் வானொலி விளம்பரமும் பெருக்கெடுத்தன. 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாகவும் 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டமைக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த போராட்டங்களை வாசகர் அறிவர்.

இன்று செக்ரோலிற் பெயருள்ளோர் தொகை பெரிதும் சுருங்கிவிட்டது. கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்யும் இளைஞரும் யுவதிகளும் தீபாவளிக்கு முதல்நாள் பேருந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு அட்டனில் வந்திறங்குகின்றனர். கடைத்தெருவின் வாழ்த்து இப்பொழுது அவர்களை நோக்கித் திரும்பியுள்ளது. 'தோட்ட மக்கள்' என்ற சொல் தளர்ந்து 'மலையக மக்கள்', 'மலையக உறவுகள்' என்னும் விளிகள் வந்துள்ளன. 2023இல் நினைவுகூரப்பட்ட இருநூறாண்டு வருகையோடு இப்பெயர் மேலும் வலுப்பெற்றது. கைப்பேசி நிறுவனங்களும் தவணைமுறை நிதிக் கம்பனிகளும் அதே விளியைப் பயன்படுத்துகின்றன. மக்கள் போராடிப் பெற்ற ஒரு பெயரைக் கடன் கொடுப்போர் இவ்வளவு விரைவிற் கற்றுக்கொண்டனர். தோட்டத்தில் எஞ்சியுள்ள தாய்மாருக்கோ முற்பணம் இன்னும் முற்பணமே. தைப்பொங்கல் வாழ்த்துக்கள் பத்திரிகையில் வரும் வேளையில் அவர்களது சம்பளத் துண்டில் தீபாவளித் தவணை கழிந்துகொண்டிருக்கிறது.